சிகில்: ஸ்டைல்ஷீட் இணைக்கும் அந்த ஒரு பெட்டி

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் தோழி, தன் அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன தோட்டத்து நினைவுகளை மின்னூலாக்கப் போகிறார். கூடவே அப்பா சேகரித்த பாடல்களும் இருக்கின்றன: தாலாட்டு, ஒப்பாரி, பால்மரம் வெட்டப் போகும்போது பாடியவை. "சிகிலில் செய்யட்டுமா, காலிபரே போதுமா?" என்று கேட்டிருந்தார். இரண்டும் மின்னூல் செய்யும் மென்பொருள்கள். இரண்டு வரியில் பதில் போட முயன்றேன், முடியவில்லை. பினாங்கில் இருந்துகொண்டு எழுத்தாளர்களுக்கு மின்னூல் செய்து கொடுக்கும் எனக்குப் பல ஆண்டுகளாகச் சிகில்தான் அன்றாடக் கருவி. இலவசம், இபப் எனப்படும் மின்னூல் கோப்பை நேராகத் திறந்து திருத்தலாம் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. நான் பேசப்போவது அதில் ஸ்டைல்ஷீட்டை, அதாவது எழுத்தும் பத்தியும் எப்படித் தோன்ற வேண்டும் என்ற விதிகள் அடங்கிய கோப்பை, அத்தியாயங்களோடு இணைப்பது பற்றி மட்டும்தான்.

ஒரு நூலுக்கு ஒரே ஸ்டைல்ஷீட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கதை மட்டும் என்றால் போதும். பாட்டு வந்துவிட்டால் போதாது. குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கும் பெரியவர்களுக்கு முதல் அடி ஒரே வரியில் கொள்ளாது. நான்காவது சீர் கீழே இறங்கித் தனி அடி போல நிற்கும். படிப்பவருக்கு அடி எங்கே முடிகிறது என்றே தெரியாது. இதற்கு வழி, உடைந்து இறங்கும் துண்டை உள்ளே தள்ளி நிறுத்துவது. இடப்பக்கம் இரண்டு எம் (ஓர் எம் என்பது எழுத்தின் அளவு) இடம் விட்டு, முதல் வரியை மட்டும் அதே அளவு வெளியே இழுக்க வேண்டும். உரைநடையில் இதற்கு நேர்மாறு, பத்தியின் முதல் வரிதான் உள்ளே போகும்.

ஆகவே நான் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். 'அடிப்படை' என்ற ஷீட்டில் பத்தி, தலைப்பு, வரிகளுக்கு இடையிலான இடைவெளி. தமிழுக்கு அந்த இடைவெளி ஆங்கிலத்தைவிடச் சற்றுத் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் உகரக் கால்களும் கீழ் வரியின் இகர வளைவுகளும் முட்டிக்கொள்ளும். 'எழுத்துரு' என்ற ஷீட்டில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை நூலுக்குள் உட்பொதிக்கும் வரிகள் மட்டும். 'பாட்டு' மூன்றாவது. பாட்டுக் கோப்புகளில் ஒவ்வொரு பத்தியும் ஓர் அடி என்பதால், அடிக்கு அடி கிளாஸ் (விதியைப் பொருத்தும் பெயர்) போடாமல் பத்தியின் விதியையே அதில் மாற்றி எழுதியிருப்பேன். அதனால்தான் 'பாட்டு' ஷீட் பாட்டுக் கோப்புகளுக்கு மட்டும் போக வேண்டும், அதுவும் 'அடிப்படை'க்குப் பின்னால் வர வேண்டும். ஒரே வலுவுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வருவதுதான் செல்லும். வரிசை மாறினால் பாட்டும் உரைநடை மாதிரி ஆகிவிடும்.

எழுத்துரு ஷீட்டைத் தனியாக வைப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அடுத்த நூலுக்கு அப்படியே தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: எழுத்துரு இருக்கும் இடத்தை ஷீட் இருக்கும் கோப்புறையிலிருந்துதான் கணக்கிட வேண்டும், அத்தியாயக் கோப்பிலிருந்து அல்ல.

இந்த மாதிரி ஒழுங்காகப் பிரித்து வைப்பவர்களுக்குச் சிகில் உண்மையிலேயே நல்ல துணை. இடப்பக்கப் பட்டியலில் ஷீட்டின் பெயரை மாற்றினால் எல்லா அத்தியாயங்களிலும் இணைப்பு தானாக மாறிக்கொள்ளும். பழைய பதிப்புகள் எந்த இபப்பைத் திறந்தாலும் தன் கோப்புறை அமைப்புக்கு மாற்றியடித்துவிடும். 1.0 பதிப்பிலிருந்து மூல அமைப்பை மதிக்கிறது. ஓர் அத்தியாயத்தை இரண்டாக வெட்டினால் புதிய துண்டிலும் ஷீட் இணைப்புகள் அப்படியே இருக்கும். இதையெல்லாம் மனமாரப் பாராட்டுகிறேன். 2009இல் தொடங்கிய திட்டம், கைமாறிக் கைமாறி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் தன்னார்வலர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சரி, இப்போது அந்தப் பெட்டி.

பட்டியலில் பல கோப்புகளைச் சேர்த்துத் தேர்ந்து, வலது கிளிக் செய்து, ஸ்டைல்ஷீட் இணை என்று கொடுத்தால் ஒரு சிறு பெட்டி திறக்கும். இருக்கும் ஷீட்டுகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். மேலே கீழே நகர்த்தி வரிசை மாற்றலாம். பார்த்தால் அருமை. ஆனால் தேர்ந்த கோப்புகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் ஷீட்டுக்கு மட்டும்தான் அது டிக் காட்டும். சிலவற்றில் மட்டும் இருக்கும் ஷீட், எதிலுமே இல்லாத ஷீட் போலவே டிக் இல்லாமல் நிற்கும். நீங்கள் சரி என்று அழுத்தியதும், டிக் இல்லாதவற்றைத் தேர்ந்த எல்லாக் கோப்புகளிலிருந்தும் எடுத்துவிடும். எச்சரிக்கை இல்லை. 'சிலவற்றில் உண்டு' என்று காட்ட ஒரு சாம்பல் நிற டிக் கூட இல்லை.

இது எப்போதோ ஒருமுறை வரும் சிக்கல் என்றால் விட்டுவிடலாம். புதிய வெற்றுக் கோப்பு ஒன்றைச் சேர்த்தால், என்னிடம் உள்ள பதிப்பில் அது எந்த ஷீட்டும் இல்லாமல்தான் வருகிறது. எழுத்தாளர்கள் கடைசி நேரத்தில் நன்றியுரை அனுப்புவார்கள், அணிந்துரை அனுப்புவார்கள், இன்னும் ஒரு பாட்டு கிடைத்தது என்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டிக்குப் போயே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்து 'அடிப்படை'யும் 'எழுத்துரு'வும் கொடுத்துவிடலாம் என்பதுதான் எவருக்கும் இயல்பாக வரும் யோசனை. கொடுத்தால் பாட்டுக் கோப்புகளில் 'பாட்டு' கழன்றுவிடும். இரண்டு கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தாலும் இதே கதிதான். முதல் கோப்பின் தலைப்பகுதி (ஷீட் இணைப்புகள் இருக்கும் இடம்) மட்டும் நிற்கும், இரண்டாவதின் இணைப்பு போய்விடும்.

இதில் இன்னும் மோசம், இபப் கோப்பில் பிழை தேடும் இபப்செக் கொண்டு சோதித்தாலும் பிழை என்று வராது. ஷீட் நூலுக்குள் இருக்கிறது, பட்டியலில் இருக்கிறது, எந்தக் கோப்பும் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். விதிப்படி அது குற்றமில்லை. அகலமான கணினித் திரையில் பார்த்தால் அடிகள் உடையாது என்பதால் கண்ணுக்கும் சட்டென்று படாது. கைப்பேசியில் வாசகர் திறக்கும்போதுதான் ஒப்பாரியின் அடிகள் கலைந்து கிடக்கும். யாரோ ஒரு பாட்டியின் வாயிலிருந்து கேட்டு எழுதி வைத்த வரிகள் அவை. அச்சுப் புத்தகமே இல்லாமல் மின்னூலாக மட்டும் நிற்கப்போகும் பாடல்களை இப்படிக் கலைத்துப் போடுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காலிபரின் எடிட்டரிலும் இதே வேலைக்கு ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 'ஏற்கெனவே உள்ள இணைப்புகளை நீக்கு' என்று தனியாக ஒரு டிக் வைத்திருக்கிறார்கள். நீக்க வேண்டுமா வேண்டாமா என்பது நம் முடிவு. இந்த ஒரு டிக்கைத்தான் நான் சிகிலில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

காலிபர் என்றதும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் எடிட்டர் வேறு, ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக்கும் மாற்றி வேறு. வேர்டு கோப்பை மாற்றியில் கொடுத்தால் வெளியே வரும் இபப்பில் மாற்றியே சூட்டிய கிளாஸ் பெயர்கள் குவிந்திருக்கும். இபப்பையே கொடுத்தால் பிரித்து வைத்த ஷீட்டுகளும் ஒன்றாகக் கலந்துவிடும். பாட்டு உள்ள நூலை அந்த வழியாக விடவே கூடாது. எடிட்டர் நாம் எழுதியதை அப்படியே வைத்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் சிகிலில் நான் பாராட்டியவை அதிகம், குறை சொன்னது ஒன்றே ஒன்று. ஆனாலும் தோழிக்கு என் பதில்: காலிபர் எடிட்டரில் செய்யுங்கள். அப்பாவின் பாடல்கள் இருக்கும் நூல், முதல் நூல், நடுவில் புதிய கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். சொல்லாமல் கழற்றிவிடும் கருவியை அதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான் மட்டும் சிகிலை விடப்போவதில்லை. விடாதவர்கள் நூலை அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: கருவிகள் மெனுவில் ரிப்போர்ட்ஸ் திறந்து, ஸ்டைல்ஷீட் கோப்புகள் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு ஷீட்டும் எத்தனை இடத்தில் பயன்படுகிறது என்று ஓர் எண் இருக்கும். 'பாட்டு'க்கு நேரே உள்ள எண்ணும் உங்கள் பாட்டுக் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால், பாட்டுக் கோப்புகளை மட்டும் தேர்ந்து மூன்று ஷீட்டையும் வரிசையாக மறுபடி இணையுங்கள். உரைநடைக் கோப்பு ஒன்றுகூட அந்தத் தேர்வில் சேரக்கூடாது.