பென்டிரைவ்ல யூனிக்ஸ்: பூட் பண்றதா, க்யூஎமுல ஓட்டறதா?

காலேஜ் லேப்லயோ மஞ்சக்குப்பம் பக்கம் பிரவுசிங் சென்டர்லயோ உக்காந்து யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் பழகணும்னு நம்ம கடலூர் பசங்க கேட்டா உடனே வர்ற பதில் லைவ் யூஎஸ்பி தான், அதாவது விண்டோஸ விட்டுட்டு பென்டிரைவ்லேர்ந்தே மெஷின பூட் பண்றது. வேகத்துல அத அடிச்சிக்க முடியாது, ப்ராசஸர் ராம் எல்லாம் நேரா கிடைக்குது. ஆனா மெஷின் உங்களோடதா இருக்கணும்ல? பயாஸ்ல, அதாவது மெஷின் ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற செட்டிங்ஸ்ல, பாஸ்வேர்டு போட்டிருந்தா அதோட கதை முடிஞ்சிது, அதுவும் டிஸ்க்க பூட்டி வைக்கற பிட்லாக்கர் போட்ட லேப்டாப்ல, கையெழுத்து இல்லாத சிஸ்டத்த பூட் ஆக விடாத செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிட்டீங்கன்னா அடுத்த தடவ விண்டோஸ் ரெகவரி கீ கேட்டு நிக்கும், அப்ப லேப் அண்ணன் கிட்ட யார் பதில் சொல்றது!

க்யூஎமுங்கறது ஒரு மெஷினுக்குள்ள இன்னொரு மெஷின் மாதிரி நடிக்கற சாஃப்ட்வேர், அதுல இந்த வம்பே இல்ல. ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003ல வெளியிட்டது, இன்ஸ்டால் வேணாம், அட்மின் உரிமையும் வேணாம், ஃபோல்டர அப்படியே பென்டிரைவ்ல போட்டுட்டு ஒரு பேட்ச் ஃபைல தட்டினா விண்டோஸ் மேலயே ஒரு ஜன்னல்ல யூனிக்ஸ் வந்துடும். விண்டோஸுக்கு ஒண்ணு லினக்ஸுக்கு ஒண்ணுன்னு க்யூஎமுவ மட்டும் தனித்தனியா வச்சிக்கங்க, யூனிக்ஸோட ஹார்ட் டிஸ்க்கா இருக்கற ஃபைல், அதாவது டிஸ்க் இமேஜ், ரெண்டுக்கும் ஒண்ணே போதும்.

விலை வேகம் தான். ப்ராசஸர நேரா பயன்படுத்த விடற கேவிஎம் மாதிரி உதவி இல்லாதப்ப ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனையும் சாஃப்ட்வேரே மாத்தி மாத்தி ஓட்டுது, அதனால டெஸ்க்டாப் எல்லாம் ஆசப்படாதீங்க, மவுஸ் நகர்றதுக்குள்ள வெறுத்துடும். ஆல்பைன்ங்கற குட்டி லினக்ஸ், இல்லன்னா நெட்பிஎஸ்டிங்கற யூனிக்ஸ் வகை, டெக்ஸ்ட் மோடு, 256 எம்பி ராம், அவ்ளோதான். ஷெல் ஸ்கிரிப்ட், விஐ எடிட்டர், சின்ன சி ப்ரோக்ராம் எல்லாம் தாராளமா ஓடும். கெர்னல் கம்பைல் பண்ணணும்னா வீட்டு மெஷின்ல லைவ் போட்டுக்கங்க.

நெட் விஷயத்துல நெறய பேர் ஏமாறுவாங்க. க்யூஎமுவோட சாதா யூசர் நெட்வொர்க்ல நெட் இருக்கான்னு பாக்கற பிங் பெரும்பாலும் போகாது, அத பாத்துட்டு நெட்டே இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க, ஒரு பேக்கேஜ் இறக்கி பாருங்க, வரும். வெளிய விண்டோஸ்ல இருந்து எஸ்எஸ்எச்ல (நெட் வழியா லாகின் பண்ற முறை) உள்ள போகணும்னா 2222 போர்ட்ட உள்ள 22க்கு திருப்பி விட்டுட்டு பழைய புட்டி (PuTTY) சாஃப்ட்வேர்ல நுழையலாம், காப்பி பேஸ்ட்டுக்கு அதான் சுகம்.

நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திக மழைன்னா கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. எழுதினத சேவ் பண்ணி வைக்கற பர்சிஸ்டன்ஸ் வைக்காத லைவ்ல சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகாது, அது படிக்க மட்டும் தான், ஆனா நீங்க எழுதினதும் போயிடும். க்யூஎமுல இமேஜ்ல எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா இமேஜே கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, சும்மா நோண்டிப் பாக்கறதுக்கு ஸ்னாப்ஷாட் ஆப்ஷன் போட்டுடுங்க, அப்ப இமேஜ தொடாது, பென்டிரைவும் தேயாது. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் நிக்காது, எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணிக்கங்க.

க்யூஎமு மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான விர்ச்சுவல்பாக்ஸ பென்டிரைவ்ல வச்சா ஆகாதான்னா, அதுக்கு கெர்னல் டிரைவர் ஏத்தணும், அட்மின் பாஸ்வேர்டு கேக்கும், லேப்ல யாரும் தர மாட்டாங்க.