செறிவா, அதிர்வெண்ணா: எலக்ட்ரானை வெளியேற்றுவது எது?

உலோகத்தின் மீது ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் வெளியேறும். அவற்றுக்கு ஆற்றல் தருவது ஒளியின் செறிவா (எவ்வளவு பிரகாசம்), அதிர்வெண்ணா (ஒளி அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது; நிறத்தை முடிவு செய்வது இதுதான்)? பழைய அலைக் கொள்கை செறிவு என்றது. 1905இல் ஐன்ஸ்டைன் அதிர்வெண் என்றார்.

அலைக் கொள்கைப்படி நிறம் எதுவானாலும் சரி, வெளிச்சத்தைக் கூட்டினால் எலக்ட்ரான் இன்னும் வேகமாகப் பாய வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மானிய இயற்பியலாளர் லெனார்டு 1902இல் சோதனையில் கண்டது வேறு: வெளிச்சம் கூடியபோது எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடியது, அவற்றின் உச்ச வேகம் மாறவே இல்லை.

ஐன்ஸ்டைன் கணக்கில் ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது, அதுதான் ஃபோட்டான். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் = பிளாங்க் மாறிலி (மாறாத ஒரு சிறிய எண்) × அதிர்வெண். அலைநீளம் நானோமீட்டரில் தெரிந்தால் இன்னும் சுலபம்: 1240ஐ அதனால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவிலான ஆற்றலுக்கான அலகு) விடை வந்துவிடும். 700 நானோமீட்டர் சிவப்புக்கு 1.77, 400 நானோமீட்டர் ஊதாவுக்கு 3.1. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது அதிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.3. ஆக, சிவப்பு விளக்கை எத்தனை பிரகாசமாக எரித்தாலும் பலனில்லை. மங்கலான ஊதா போதும், மிச்சம் 0.8 எலக்ட்ரான் வோல்ட் வரை, வெளியேறும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலாகிவிடும். துத்தநாகத்துக்கு 4.3 தேவை, அங்கே ஊதாவும் தோற்று புற ஊதாதான் ஜெயிக்கும். பழைய ஸ்டுடியோ டார்க் ரூம்களில் சிவப்பு பல்பு எரிந்ததும் இதே காரணத்தால்தான்: அந்த ஃபோட்டானுக்கு பிரின்ட் தாளின் வெள்ளி உப்பை மாற்றும் வலு இல்லை.

எனக்குப் பிடித்த சாட்சி அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன். ஐன்ஸ்டைன் சொன்னதை நம்பாமலேதான் சோதனையில் இறங்கினார். 1916இல் நிறுத்து மின்னழுத்தத்தை (மிக வேகமான எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தம்) அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வந்தது. அதன் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலியும் கிடைத்தது. சமன்பாட்டை ஒப்புக்கொண்டார், ஃபோட்டானை அப்போதும் ஏற்கவில்லை! ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு, மில்லிகனுக்கு 1923இல்.

அதற்காகச் செறிவை ஒதுக்கிவிட முடியாது. சூடேற்றுவதுதான் வேலை என்றால் அதுவே முக்கியம். ஒரு வாட் சிவப்பும் ஒரு வாட் ஊதாவும் முழுதாக உறிஞ்சப்பட்டால் சூடு ஒன்றுதான். சிவப்பில் ஃபோட்டான்கள் அதிகம், அவ்வளவே. அப்புறம், அதிர்வெண் என்பதே அலைக்கு உரிய அளவு. அலையை முழுக்கக் கைவிட்டால் ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் போட எண்ணே இருக்காது.

செல்போன் கோபுரத்துக்கும் இதே கணக்கைப் போடலாம். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் ஃபோட்டானுக்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. வேதிப் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட்டாவது வேண்டும். அந்த ஃபோட்டானால் அது ஆகாது, பார்க்க வேண்டியது சூடேற்றத்தைத்தான். அதனால்தான் கோபுரங்களுக்கான பாதுகாப்பு வரம்பைச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று செறிவில் வைக்கிறார்கள்.