சாஸ்வியூ ரிவ்யூ: தொறந்துட்டோம், இனிமே எங்க கை வைக்கிறது?

ஸ்மால் ஆங்கிள் ஸ்கேட்டரிங் (சாம்பிள்ல கதிர அடிச்சு, சின்ன கோணத்துல சிதறறத வச்சு உள்ள இருக்கற துகளோட அளவையும் வடிவத்தையும் கண்டுபிடிக்கறது) டேட்டா கையில இருக்கு, எக்ஸ்-ரேயோ நியூட்ரானோ ஏதோ ஒண்ணு, அதுக்கு ஒரு மாடல் போட்டு ஃபிட் பண்ணணும் (மாடல் கர்வ் டேட்டாவோட பொருந்தற வரைக்கும் நம்பர்கள மாத்தணும்), சாஃப்ட்வேருக்கு காசு கட்டவும் வழியில்லன்னா நிறைய பேர் வந்து சேர்ற இடம் சாஸ்வியூ தான். அமெரிக்க நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் பணம் குடுத்த டான்ஸ்ங்கற ப்ராஜெக்ட்ல ஆரம்பிச்சது, இப்போ பல நாட்டு நியூட்ரான் லேப் ஆளுங்க சேர்ந்து வளர்க்கறாங்க. ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும். என்னோட அபிப்ராயம் முதல்லயே சொல்லிடறேன்: கணக்கு போடற விஷயத்துல பிரமாதம், ஆனா புதுசா வர்றவங்கள கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற சுபாவம் இதுக்கு கிடையாது.

ஐகானை டபுள் கிளிக் பண்ணா சட்டுனு வராதுங்க. உள்ள பைத்தான் மொத்தமும் உட்கார்ந்திருக்கு, அது எழுந்து வரணும். வரலையேன்னு திரும்பத் திரும்ப கிளிக் பண்ணாதீங்க, அப்புறம் நாலு காப்பி ஒண்ணா தொறந்து நிக்கும்.

தொறந்ததும் இடது பக்கம் இருக்கறது டேட்டா எக்ஸ்ப்ளோரர், கீழ இருக்கறது லாக், நடுவுல ஃபிட் பேனல். லாக்கை இடத்தை அடைக்குதுன்னு நிறைய பேர் மூடிடுவாங்க, மூடாதீங்க, ஃபைல் ஏன் லோட் ஆகலைன்னு அது தான் சொல்லும். முதல் நாளே சொந்த டேட்டாவ போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்லயே எக்ஸாம்பிள் டேட்டா வச்சிருக்காங்க, அதுல விளையாடுங்க.

இங்க தான் எல்லாரும் முழிப்பாங்க. டேட்டா லோட் பண்ணியாச்சு, பேரும் லிஸ்ட்ல வந்தாச்சு, ஆனா ஃபிட் பேனல்ல ஒண்ணுமே நடக்கல. ஏன்னா லோட் பண்றது வேற, அனுப்பறது வேற. ஃபைலுக்கு பக்கத்துல டிக் இருக்கான்னு பார்த்துட்டு, கீழ ஃபிட்டிங்னு செலக்ட் ஆகி இருக்கான்னும் பார்த்துட்டு, 'சென்ட் டு' பட்டன அமுக்கணும். அதே இடத்துல இன்வர்ஷன், இன்வேரியன்ட், கார்ஃபங்க்னு வேற வேலைகளும் இருக்கறதால தான் இப்படி வச்சிருக்காங்க, காரணம் நியாயம் தான், ஆனா அந்த பட்டன கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம்.

அனுப்பின அப்புறம் கேட்டகரி, அதுக்குள்ள மாடல். ஸ்பியர், அதாவது கோளம், எடுத்துக்கோங்க, அது தான் சுலபம். எடுத்ததும் ஒரு டேபிள் வரும்: ஸ்கேல் 1, பேக்கிரவுண்ட் 0.001, எஸ்எல்டி (ஸ்கேட்டரிங் லெங்த் டென்சிட்டி, ஒரு பொருள் கதிர எவ்வளவு பலமா சிதறடிக்குதுங்கற அளவு) 1, சால்வென்ட் எஸ்எல்டி 6, ரேடியஸ் 50 ஆங்ஸ்ட்ரம். இதெல்லாம் டிஃபால்ட், உங்க சாம்பிளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த 6 நியூட்ரான்ல ஹெவி வாட்டருக்கு வர்ற 6.4க்கு பக்கத்துல இருக்கறதால சரியான வேல்யூ மாதிரியே ஒரு பிரமைய குடுக்கும், எக்ஸ்-ரே டேட்டாவா இருந்தா சாதா தண்ணிக்கே 9.4 கிட்ட வரணும் (எல்லாமே பத்தின் மைனஸ் ஆறு அடுக்கு, பெர் ஆங்ஸ்ட்ரம் ஸ்கொயர்). டூல்ஸ் மெனுல எஸ்எல்டி கால்குலேட்டர் இருக்கு, கெமிக்கல் ஃபார்முலாவும் டென்சிட்டியும் குடுத்தா போதும், போட்டுக் குடுத்துடும்.

ஒவ்வொரு பாராமீட்டருக்கும் முன்னாடி இருக்கற சின்ன டிக் பாக்ஸ் தான் உயிர்நாடி. டிக் பண்ணது மட்டும் தான் ஃபிட்ல மாறும், மத்ததெல்லாம் அப்படியே நிக்கும். அதுக்குன்னு எல்லாத்தையும் டிக் பண்ணிட்டு ஃபிட் குடுத்தா, ஸ்கேலும் எஸ்எல்டியும் ஒண்ண ஒண்ணு இழுத்துட்டு எங்கயோ போயிடும், ஏன்னா இன்டென்சிட்டி (சிதறி வர்ற அளவு) ஏறி எறங்கறது ஸ்கேல் பெருக்கல் எஸ்எல்டி வித்தியாசத்தோட (துகளுக்கும் சால்வென்டுக்கும் நடுவுல) ஸ்கொயர வச்சு தான், இது ரெண்டுல எது ஏறுச்சு எது எறங்குச்சுன்னு டேட்டாவால சொல்லவே முடியாது. எஸ்எல்டிய கால்குலேட்டர்ல எடுத்து ஃபிக்ஸ் பண்ணிட்டு ஸ்கேலையும் ரேடியஸையும் மட்டும் விடுங்க. டேட்டா அப்சல்யூட் ஸ்கேல்ல (இன்டென்சிட்டி நிஜ யூனிட்டுக்கு மாத்தினதா) இருந்தா டேபிள்ல இருக்கற அந்த ஸ்கேல் தான் வால்யூம் ஃப்ராக்ஷன் (மொத்த கன அளவுல துகளோட பங்கு), சாம்பிள் கலக்கும்போது எவ்வளவு போட்டீங்களோ அதோட ஒத்துப் பார்த்துக்கலாம்.

ரேடியஸுக்கு ஆரம்ப வேல்யூவ குத்துமதிப்பா போடாதீங்க. கர்வ்ல கிடை அச்சுல இருக்கறது கியூ, சிதறற கோணத்த வச்சு வர்ற நம்பர். கோளத்துக்கு முதல் பள்ளம் கியூ இன்ட்டு ரேடியஸ் 4.49 ஆகற இடத்துல விழும். உங்க கர்வ்ல பள்ளம் 0.09ல இருந்தா ரேடியஸ் கிட்டத்தட்ட 50, 0.045ல இருந்தா 100. இத கையாலயே போட்டு டைப் பண்ணிட்டு அப்புறம் ஃபிட் அமுக்குங்க, டிஃபால்ட்டா இருக்கற லெவன்பர்க் மார்க்வார்ட்ங்கற ஃபிட் முறை நல்லா வேகம், ஆனா தூரத்துல இருந்து கெளப்பி விட்டா வேற குழியில விழுந்துட்டு இது தான் பதில்னு சாதிக்கும். இன்னொண்ணு, வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல யூனிட் இருக்காது, கியூவ பெர் ஆங்ஸ்ட்ரம்னே அது எடுத்துக்கும். உங்க மெஷின் பெர் நானோமீட்டர்ல எழுதியிருந்தா ரேடியஸ் பத்து மடங்கு சின்னதா வரும், ஃபிட் பார்க்க அழகா இருக்கும், அதான் ஆபத்து.

பள்ளம் டேட்டால மழுங்கி இருந்தா உடனே பாலிடிஸ்பர்சிட்டிய (துகளுங்க சைஸ்ல இருக்கற பரவல்) ஆன் பண்ணத் தோணும். அதுக்கு முன்னாடி ரெசல்யூஷன் (மெஷின் கியூவ எவ்வளவு துல்லியமா அளக்குது) டேப்ப பாருங்க, முக்கியமா நியூட்ரான்காரங்க. மெஷினோட ரெசல்யூஷனும் பள்ளத்த நிரப்பும், சைஸ் பரவலும் நிரப்பும். முதல் கணக்க விட்டுட்டா அந்த பழியெல்லாம் சைஸ் மேல போய் விழுந்து, ஒரே அளவுல இருக்கற துகளுங்க கூட பெருசும் சின்னதுமா கலந்த மாதிரி ரிசல்ட் வரும்.

கை ஸ்கொயர் (chi-squared, ஃபிட் டேட்டாவோட எவ்வளவு பொருந்துதுங்கற நம்பர்) 1 கிட்ட வந்தா நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஃபைல்ல ஒவ்வொரு பாயிண்டுக்கும் எரர் சொல்ற வரிசை இல்லன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. ஃபிட் ஆப்ஷன்ஸ்ல வெயிட்டிங் (எந்த பாயிண்டுக்கு எவ்வளவு மதிப்பு) என்னன்னு ஒரு தடவ பார்த்துக்கோங்க, கியூ ரேஞ்சையும் அங்கயே வெட்டிக்கலாம்.

குறைன்னா விண்டோ விண்டோவா குவியறது தான். ஒவ்வொரு பிளாட்டும் தனி விண்டோ, ரெசிடுவலுக்கு (டேட்டாவுக்கும் ஃபிட்டுக்கும் உள்ள வித்தியாசம்) இன்னொண்ணு, சின்ன லேப்டாப் ஸ்கிரீன்ல தேடிட்டே இருக்கணும். நிறைன்னா ஹெல்ப்: மாடல செலக்ட் பண்ணி ஹெல்ப் அமுக்கினா அந்த மாடலோட சமன்பாடு, படம், ஒவ்வொரு பாராமீட்டரோட அர்த்தம் எல்லாம் வரும், இந்த மாதிரி எழுதி வச்சிருக்கற சாஃப்ட்வேர் ரொம்ப கம்மி. மூடறதுக்கு முன்னாடி ஃபைல் மெனுல சேவ் ப்ராஜெக்ட் குடுத்துடுங்க, டேட்டாவும் ஃபிட் பேஜும் சேர்ந்து அடுத்த தடவ அப்படியே தொறக்கும்.