சொந்தக் காரா, அரசுப் பேருந்தா: புயலுக்கு முன் வெளியேறுவது எதில்?

புயலுக்கு முன் ஊரைக் காலிசெய்யும் திட்டம் எதுவானாலும், மக்கள் எதில் ஏறிப் புறப்படுவார்கள் என்பதைப் பொறுத்தே அது பலிக்கும். இதை எடைபோட, 2005இல் அமெரிக்காவில் நான்கு வார இடைவெளியில் வீசிய கத்ரீனா, ரீட்டா புயல்களே போதும்.

கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து அரண்டிருந்த ஹூஸ்டன் நகர மக்கள், ரீட்டா வருகிறது என்றதும் காரை எடுத்தார்கள். வெளியேறச் சொல்லப்பட்ட கடலோரத்தார் மட்டுமல்லாமல், வீட்டிலேயே இருந்திருக்கக்கூடியவர்களும் கிளம்பினார்கள். இரண்டு கார் வைத்திருந்த வீட்டாரில் பலர், வெள்ளத்துக்கு ஒன்றை விட்டுவைக்க மனமின்றி இரண்டையும் ஓட்டிவந்தார்கள். ஏறத்தாழ 25 லட்சம் பேர் சாலைக்கு வந்ததில் நெரிசல் நூறு மைல் வரை நீண்டது. எரிபொருளை மிச்சம்பிடிக்க, கொளுத்தும் வெயிலிலும் ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தடங்களையும் வெளியேறுவோருக்குத் திறந்துவிடும் ஏற்பாடு தாமதமாகவே நடந்தது. வெளியேறும் முயற்சியில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். புயலோ ஹூஸ்டனை நேராகத் தாக்காமல் கிழக்கே கரைகடந்தது.

நியூ ஆர்லியன்ஸின் சிக்கல் வேறு. அங்கே அப்போது நான்கில் ஒரு குடும்பத்துக்குக் கார் இருக்கவில்லை. ஏற்றிச்செல்லப் பயன்பட்டிருக்கக்கூடிய பள்ளிப் பேருந்துகள் வெள்ளத்தில் நின்றன. பட்டபின் நகரம் 17 இடங்களில் ஏற்றுமிடங்களை அமைத்தது. கையை உயர்த்தி வண்டியை மறிக்கும் 14 அடி எஃகு உருவம் அங்கே இன்று அடையாளமாக நிற்கிறது. 2008இல் குஸ்தாவ் புயலின்போது ஏறத்தாழ 18,000 பேர் நகரத்தின் ஏற்பாட்டில் பேருந்திலும் ரயிலிலும் வெளியேறினார்கள்.

பேருந்தில் ஏறத் தயங்குவதற்கும் காரணம் உண்டு: எங்கே இறக்கிவிடுவார்கள், எப்போது திரும்புவோம் என்பது நம் கையில் இல்லை. ரீட்டாவின்போதே, முதியோர் இல்லத்தவரை ஏற்றிச்சென்ற பேருந்து டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். எண்ணெய்ப்பசையற்ற சக்கர பேரிங் சூடேறித் தீயை மூட்டியது, உள்ளிருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் அதைப் பெருக்கின.

ஆயினும் என் கணிப்பில் பேருந்தே மேல். ஐம்பது பேர் கார்களில் வந்தால் இருபது வண்டியாவது சாலையை அடைக்கும். அவர்களை ஒரே பேருந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் அந்தப் பேருந்தும் அதே நெரிசலில் சிக்கினால் பயனில்லை. ஆகவே, பழுதுபார்த்த வண்டிகளும் அவற்றுக்கென ஒதுக்கிய ஒரு தடமும் முதலில் வேண்டும். ஹூஸ்டன் பின்னர் அஞ்சல் குறியீட்டை வைத்து வெளியேற்ற மண்டலங்களைப் பிரித்ததைப் போன்றவை அதற்கடுத்துத்தான்.