அப்பாவின் ரோபோ அறுவை: கோவை மருத்துவமனை ஒன்றைப் பற்றி

கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் பயிரிடும் என் அப்பாவுக்கு 67 வயதில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் உறுதியானபின், கோவையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ரோபோ வழியாக அந்தச் சுரப்பியை அகற்றினோம். வரவேற்பறையிலேயே டாவின்சி எக்ஸ்ஐ என்ற ரோபோ அறுவைக் கருவியின் ஆளுயரப் படம் நிற்கிறது. அதை இயக்குபவர் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறார் என்பதை மட்டும் நாங்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

"ஏனுங் டாக்டரு, மெசினே அறுத்துப்போடுமுங்களா?" என்றார் அப்பா. "இல்லீங்கய்யா, என் கை அசைஞ்சாத்தான் அது அசையுமுங்க" என்று சிரித்த மருத்துவர், பொறுமையாக விளக்கினார். பத்து மடங்கு வரை பெரிதாகும் முப்பரிமாணக் காட்சியும், கைநடுக்கத்தை வடிகட்டும் அமைப்பும், மணிக்கட்டைப்போல் வளையும் முனைகளும், சுரப்பியை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்புகளைச் சேதமின்றி விலக்க உதவுகின்றன. முந்தைய எஸ்ஐ கருவியின் கேமராவுக்கு 12 மி.மீ. துளை வேண்டும், 2014இல் வந்த எக்ஸ்ஐக்கு 8 மி.மீ. போதும். திசுவின் இழுவிசையைக் கைக்கு உணர்த்தும் வசதியோ 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி 5இல்தான் வந்தது. ஆகவே எங்கள் மருத்துவர் தையல் நூல் இறுகுவதைக் கண்ணால் பார்த்தே கணிக்க வேண்டியிருந்தது.

ரத்தம் ஏற்றவில்லை, மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிஸ்பேனில் நடந்து 2016இல் வெளியான ஒப்பீட்டாய்விலும் வயிற்றைத் திறந்து செய்யும் வழக்கமான அறுவையில் சராசரியாக 1,338 மி.லி. ரத்தம் இழக்க, ரோபோவில் 444 மி.லி. மட்டுமே இழந்தனர். ஆனால் 12 வாரம் கழித்துச் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலியல் செயல்பாட்டிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கே திறந்த அறுவை செய்தவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் கண்டவர், ரோபோ மருத்துவர் ஆய்வின் தொடக்கத்தில் இருநூறு அளவுதான் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

என் வருத்தம் வேறு. சிறுநீர் வடியப் பொருத்திய டியூபைப் பத்தாம் நாள் எடுத்தபின் சிறுநீர் கசியும் என்பதையோ, சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கலாம் என்பதையோ ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாளில் மூன்று வேட்டி மாற்றிய அப்பா, ஆறு வாரம் சந்தைக்கே போகவில்லை. கேட்டபிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். நான்காம் மாதத்தில், கசிவை உறிஞ்சும் பேட் நாளைக்கு ஒன்றே போதுமானதாகிவிட்டது. இப்போது அதையும் வெளியூர் போகும் நாளில்தான் வைத்துக்கொள்கிறார்.