பலகை இல்லாத பாலிஷ் கடை

போன வருடம் என் புல்லட் 350 டேங்க்குக்கு கேண்டி மெரூன் அடித்து, இரண்டு பக்கமும் கையால் தங்கக் கோடு இழுக்க வைத்தேன். என்ன செலவானது என்று வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. ஆறே மாதத்தில், வெயிலில் நிறுத்திப் பார்த்தால் டேங்க் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்.

வாராவாரம் வாட்டர் வாஷுக்கு விட்டதன் பலன். சக்கரம் தேய்த்த ஸ்பாஞ்சாலேயே டேங்க்கையும் தேய்த்து, கடைசியில் பனியன் வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்துக் கொடுப்பார்கள். திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் கோவையில் பனியன் வேஸ்ட் இல்லாத பட்டறை கிடையாது. கைக்கு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் அதில் ஒட்டிய மண்ணும் தையல் ஓரத்து நூலும் பெயிண்டுக்கு உப்புத்தாள்தான்.

கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க, நண்பர் ஒருவர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பெயிண்டரிடம் அனுப்பினார். கடைக்குப் பலகை கிடையாது. தகர ஷெட், வாசலில் கழற்றி வைத்த மட்கார்டுகள், அவ்வளவுதான். நான் போனபோது எனக்கு முன்னால் ஒரு பையன் பளபளப்பில்லாத மேட் கருப்பு வண்டியோடு நின்றிருந்தான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். "மேட்டுக்குப் பாலிஷே ஆகாதுங்க தம்பி. தேய்ச்ச எடம் பளபளன்னு திட்டுத் திட்டா நின்னுக்கும்." வந்த காசை வேண்டாம் என்கிறாரே என்று அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

என் டேங்க்கில் அவர் முதலில் செய்தது, தங்கக் கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்ததுதான். என்னையும் செய்யச் சொன்னார். நகம் லேசாக இடறியது. கோட்டுக்கு மேல் கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிக்கவில்லை, கிளியருக்கு மேல்தான் கோடு இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். பாலிஷ் மெஷின் வைத்தால் கீறலோடு கோடும் போய்விடும். எனவே கோடு முழுவதும் பேப்பர் டேப் ஒட்டினார். டேங்க்கின் விளிம்புகளிலும் ஒட்டினார். அங்கே கிளியர் மெல்லிசாகத்தான் நிற்குமாம். டேப் ஒட்டவே முக்கால் மணி நேரம். அப்புறம்தான் ஃபோம் பேடு, குறைந்த வேகம், நடுநடுவே கையை வைத்துச் சூடு பார்ப்பது எல்லாம்.

சாவிக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு கீறல் உண்டு. அதைத் தொடவே இல்லை. கேண்டி பெயிண்ட் என்றால் அடியில் சில்வர், அதன்மேல் ஒளி ஊடுருவும் கலரை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். ஏற்ற ஏற்ற நிறம் அடர்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் மட்டும் டச்சப் பண்ணினால் அந்த இடம் இருட்டாகத் தெரியும், இல்லாவிட்டால் டேங்க் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். "அது கெடக்கட்டுமுங்க, சாவிக்கொத்த மொதல்ல சின்னதாக்குங்க" என்றார். ஐந்து சாவி தொங்கிய வளையத்தில் இப்போது ஒன்றுதான்.

பெயிண்டுக்கு மேல் பாதுகாப்புக்குப் போடும் செராமிக் கோட்டிங் பற்றிக் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்று ஒரு கோட் வேக்ஸ் மட்டும் போட்டார். மாதாமாதம் பாலிஷ் போடட்டுமா என்றதற்கு, "தேய்ச்சா மினுங்குமுங்க. ஆனா தேய்க்கறது கிளியரத்தானுங்களே?" என்றார். மொத்தம் 1,500 ரூபாய். பில் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

குறை இருக்கிறது. சாயங்காலம் தருகிறேன் என்றவர் மூன்றாம் நாள் தந்தார். போன் எடுப்பதே இல்லை. டேங்க் பேட்ஜ் இடுக்கில் காம்பவுண்ட் (பாலிஷ் போடும் பசை) வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. வீட்டில் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் நானே எடுத்தேன்.

இப்போது கழுவுவது வீட்டில்தான். இரண்டு பக்கெட், வண்டிக்கென்று உள்ள ஷாம்பு, டேங்க்குக்குத் தனி மைக்ரோஃபைபர் துணி. நிழலில் நிறுத்தி, வண்டி ஆறிய பிறகு. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்கு அரை பக்கெட் சிறுவாணித் தண்ணீர். "குடிக்கற தண்ணிய வண்டிக்கு ஊத்தறீங்களா?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பெட்ரோல் போடும்போது நாசிலுக்குக் கீழே துணி பிடிக்கிறேன். பங்க்கில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போவதாக இருந்தால் காலை பத்து மணிக்குள் போங்கள், அதற்கப்புறம் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்துவிட்டால் ஆள் பேசமாட்டார்.