திங்கட்கிழமை மனு நாள்: வாங்குகிறார்கள், கேட்கிறார்களா?

கலெக்டர் ஆபீஸில் வாராவாரம் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தைப் பற்றியது இந்த விமர்சனம். பட்டா மாறுதல், வரப்புத் தகராறு என்று வருகிறவர்களின் கணக்கு வேறு, அதற்குள் போகவில்லை. முதியோர் பணம் திடீரென நின்றுபோனவர், விதவை உதவித்தொகை மனு தள்ளுபடியானவர், ரேஷன் கார்டில் பெயர் ஏறாதவர் ஆகியோர் பக்கம் நின்று பார்த்தால் இந்தச் சேவை எப்படி? மனுவைப் பத்திரமாக வாங்கிப் பதிவு செய்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொண்டுவந்தவர் வாய் திறந்து பேசுவதற்கு அங்கே இடமே கிடையாது.

வாசலில் போலீஸ் சோதனை இருக்கும். பையைத் திறந்து காட்ட வேண்டும், தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு வந்த கெடுபிடி இது. அந்தக் குடும்பம் அதற்கு முன்பு பலமுறை மனு கொடுத்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. பாட்டிலைச் சோதிக்கும் அக்கறையில் பாதியை மனுவைப் படிப்பதில் காட்டியிருக்கலாம்.

உள்ளே போகும் முன்பே முதல் கோளாறு ஆரம்பமாகிவிடுகிறது. வளாகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். ஒரு பாட்டி அவர்களில் ஒருவரிடம் சொல்வது இப்படி இருக்கும்: "நாலு மாசமா பணம் வரல சார். பேங்க்ல கேட்டா தாலுகா ஆபீசுக்குப் போங்கறாங்க, அங்க கேட்டா பேங்குக்குப் போங்கறாங்க." குறை எங்கே சிக்கிக் கிடக்கிறது என்பது இந்த இரண்டு வரியில் தெளிவாக இருக்கிறது. தாளில் ஏறுவதோ வேறு: "ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். எனக்கு வேறு எந்த ஆதரவும் இல்லை. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து..." முக்கால் பக்கம் கருணைக்கே போய்விடுகிறது. நாலு மாதமும் இல்லை, பேங்கும் இல்லை. படிக்கும் அதிகாரிக்கு இது புது விண்ணப்பமா, நின்றுபோன பணமா என்பதே புரியாது. புது விண்ணப்பம் என்று எடுத்துக்கொண்டால், "இ-சேவை மூலம் விண்ணப்பிக்கவும்" என்று ஒரு பதிலோடு மனு முடிந்துவிடும்.

அதனால் எழுதுபவரிடம் கறாராகச் சொல்லி வாங்க வேண்டும். முதல் வரியிலேயே திட்டத்தின் பெயர், அனுமதி உத்தரவு எண், கடைசியாகப் பணம் வந்த மாதம். அடுத்து வங்கி, கிளை. அதற்கடுத்து யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என்பது, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. ஒரு மனுவில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். வீட்டுமனையையும் ஓஏபியையும் (முதியோர் உதவித்தொகை) ஒரே தாளில் எழுதினால், மனு ஏதாவது ஒரு துறைக்குத்தான் போகும், இன்னொன்று அனாதையாகிவிடும். தொலைபேசி எண்ணில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ எழுதிக் கொடுப்பவரின் எண்ணையோ போட்டால், பதில் குறுஞ்செய்தி அங்கேதான் போய்ச் சேரும்.

பணம் நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். கள ஆய்வுக்கு வந்த நேரத்தில் கூலி வேலைக்கோ மகள் வீட்டுக்கோ போயிருந்தால் "முகவரியில் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். "மகன் ஆதரவில் உள்ளார்" என்பது இன்னொன்று. மகன் தனிக் கார்டில் இருந்தால் இரண்டு ரேஷன் கார்டு நகலையும் சேர்த்து வையுங்கள். ஆதாரில் வயது குறைவாக ஏறியிருக்கலாம். அதைத் திருத்தாமல் மனு கொடுப்பது வீண் அலைச்சல். ஆதார் வழியாக வரும் உதவி என்றால் பணம் நிற்காமலே இருந்திருக்கலாம். கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்குப் போய்க்கொண்டிருக்கும். குழுக் கடனுக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பதிவு மேசை உண்மையிலேயே பாராட்டத்தக்கது. பெயர், எண், குறை ஆகியவற்றைக் கணினியில் ஏற்றி ஒப்புகைச் சீட்டு தந்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் உள்ள மனு எண்ணை வைத்து முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து நிலையைக் கேட்கலாம். சீட்டைத் தொலைக்காதீர்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் கூட்டம் நடக்காது, பெட்டி மட்டும் வைப்பார்கள். பெட்டியில் போடும் மனுவுக்கு எண் அங்கேயே கையில் கிடைக்காது. அவசரமில்லை என்றால் காத்திருப்பதே மேல்.

கூட்ட அரங்கில் நடப்பது சில விநாடி வேலை. ஆட்சியர் மனுவை வாங்கி, மேலே குறிப்பெழுதி, அருகிலிருக்கும் அதிகாரியிடம் நீட்டுவார். "பார்க்கச் சொல்றேம்மா." அவ்வளவுதான். அதன் பிறகு மனு இறங்கும் வழியில்தான் இந்தச் சேவையின் ஆகப்பெரிய ஓட்டை இருக்கிறது. ஆட்சியரிடமிருந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தார், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ). "முகவரியில் இல்லை" என்ற அறிக்கை எந்த மட்டத்திலிருந்து போனதோ, அதன் மீதான புகாரும் விசாரணைக்கு அங்கேயே வந்து நிற்கும். போன தடவை எழுதியதையே இந்தத் தடவையும் எழுதி அனுப்பினால் யார் கேட்பது? "மனுதாரர் தகுதியற்றவர்", மனு முடிக்கப்பட்டது. கணினியில் இதுவும் தீர்வு காணப்பட்ட மனுதான்.

2023-இல் வந்த மகளிர் உரிமைத் தொகையில் இது கொஞ்சம் மேம்பட்டது. விண்ணப்பம் ஏற்கப்படாததற்கான காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முடிந்தது. மறுத்தவருக்கு மேலே இருப்பவர் பார்த்தார். ஓஏபிக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் திங்கட்கிழமைக் கூட்டம் பாதியாகக் குறையும்.

மனு வந்த 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, மறுத்தால் காரணத்தோடு பதில் என்று 2015-ஆம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்கிறது. மாதம் தாண்டினால் இரண்டாவது மனுவை வரிசையில் நின்று கொடுப்பதைவிட, மனு எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கள ஆய்வு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்; வறுமைக்கோட்டுச் சான்று இணைத்தால் அதுவும் கிடையாது. யார், எந்தத் தேதியில், என்ன எழுதினார் என்பது கைக்கு வந்த பிறகு நடக்கும் பேச்சே வேறு.

தனிக் குறைக்காவது எண் கிடைக்கிறது. திட்டத்தைப் பற்றியே ஒருவர் கருத்துச் சொல்ல வந்தால் இந்தச் சேவைக்கு என்ன செய்வதென்றே தெரியாது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, 60 முதல் 79 வயதுவரை, அதில் ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200. 2007-க்கு முன்பிருந்தே அசையாத தொகை. மாத்திரைக்கே போதவில்லை என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், மாவட்ட அளவில் நடவடிக்கை எடுக்க இயலாது என்று முடித்துவிடுவார்கள். இந்தப் பேச்சைக் கிராம சபைக்குக் கொண்டுபோய்த் தீர்மானமாக ஏற்றுவதே சரி. ஊர் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1994-இல் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய பொது விசாரணையில் அரசுப் பதிவேடுகளை ஊர் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலை செய்தவர்களே எழுந்து பொய்க் கணக்கைச் சுட்டிக்காட்டினார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ரேஷனுக்கும் சமூகத் தணிக்கை நடத்தச் சொல்கிறது. கடைப் பதிவேட்டை அப்படி ஊர்ச் சபையில் வாசிக்கக் கேட்க அந்தப் பிரிவே போதும்.

ஒரே ஊரில் பலருக்குப் பணம் நின்றிருந்தால், தனித்தனி மனுக்களோடு பொதுவாக ஓர் அட்டவணையும் வையுங்கள்: பெயர், உத்தரவு எண், கடைசி மாதம், சொல்லப்பட்ட காரணம். பத்துப் பேருக்கும் "முகவரியில் இல்லை" என்று வந்திருந்தால், விளக்கமே தேவையில்லை.

அதைக் கொடுக்கத் திங்கட்கிழமையைவிட ஜமாபந்தி நல்ல நாள். கிராமக் கணக்குகளை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கும் இந்த நிகழ்வு மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும். தாசில்தார், ஆர்.ஐ., கணக்குப் புத்தகத்தோடு உங்கள் விஏஓ என எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். மேலதிகாரி அங்கேயே கூப்பிட்டுக் கேட்க முடியும். உங்கள் பிர்காவுக்கு (ஓர் ஆர்.ஐ.யின் கீழ் வரும் கிராமங்களுக்கு) எந்த நாள் என்று தாலுகா அலுவலகத்தில் மே மாதம் பிறந்ததுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.